சைக்கிள்ல போனது ராக்கெட் இல்லீங்க!

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. ஆபீஸ்ல பில்டு ஓடிக்கிட்டு இருக்கும்போது படிச்சுக்கலாம் :-)

அந்தப் படத்தை நீங்க பார்க்காம இருந்திருக்க முடியாது. கருப்பு வெள்ளை. ரெண்டு இளைஞர்கள், ஒரு சைக்கிள், சைக்கிள் கேரியர்ல கூம்பு மாதிரி ஒரு சாமான். சுதந்திர தினம், குடியரசு தினம், இஸ்ரோ எதையாவது ஏவுற நாள்... இந்த மூணுல ஒண்ணு வந்தா படமும் வந்துரும். கூடவே ஒரு வரி: 1963ல் இந்தியாவின் முதல் ராக்கெட்டை சைக்கிளில்தான் கொண்டு போனார்கள், இன்றைக்கு நிலாவுக்கே போய்விட்டோம்.

படம் நெஜம். கீழே இருக்கிற வரிதான் தப்பு.

ஒரு சின்ன கணக்கு போடுவோம். 1963 நவம்பர் 21ஆம் தேதி தும்பாவுல இருந்து கிளம்பினது அமெரிக்கா கொடுத்த நைக்-அப்பாச்சி. ரெண்டு அடுக்கு ராக்கெட். எட்டு மீட்டருக்கு மேல நீளம், எழுநூறு கிலோவுக்கு மேல எடை. அதாவது 50 கிலோ அரிசி மூட்டை பதினாலு. கீழமாசி வீதியில மூட்டை ஏத்துறவங்ககிட்ட கேட்டுப் பாருங்க, பதினாலு மூட்டையை ஒரு சைக்கிள்ல ஏத்த முடியுமான்னு. சிரிப்பாங்க.

சரி, உண்மையில எப்படித்தான் கொண்டு போனாங்க? கலாம் 'அக்னிச் சிறகுகள்'லயே சொல்லியிருக்கார். ராக்கெட்டை ஒருங்கிணைக்கிறதும் பாதுகாப்பும் அவர் பொறுப்பு. மேரி மகதலேனா சர்ச் கட்டடத்துல வச்சு ராக்கெட்டைக் கோத்தாங்க. அங்கிருந்து ஏவுதளத்துக்குக் கொண்டு போக இருந்தது ஒரு லாரியும், கையால இயக்குற ஒரு ஹைட்ராலிக் கிரேனும். ஏவுதளத்துல ராக்கெட்டைத் தூக்கும்போது அது ஒரு பக்கமா சாய ஆரம்பிச்சிருச்சு. பார்த்தா கிரேன்ல ஹைட்ராலிக் ஒழுகுது. பொழுது வேற போயிக்கிட்டிருக்கு, ரிப்பேர் பார்க்க நேரமில்லை. கடைசியில எல்லாருமா சேர்ந்து கையாலேயே தூக்கி நிறுத்தினாங்க.

இப்ப சொல்லுங்க, எது பெரிய கதை? சைக்கிளா, ஒழுகின கிரேனா? ஆனா கிரேனுக்குப் படம் பரவலை. சைக்கிளுக்குத்தான் பரவியிருக்கு. அதனால சைக்கிள் ஜெயிச்சிருச்சு.

அந்த சைக்கிள் படம் எடுத்தது சாதாரண ஆள் இல்லை. ஆன்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன், பிரான்ஸ் நாட்டு ஒளிப்பட மேதை. எடுத்த வருஷம் 1966, அதாவது முதல் ராக்கெட் போய் மூணு வருஷம் கழிச்சு. படத்துல இருக்கிறவர்ல ஒருத்தர் பொறியாளர் சி.ஆர். சத்யா. கேரியர்ல இருக்கிறது ஒரு ராக்கெட்டோட மூக்குக் கூம்பு. முழு ராக்கெட் இல்லை, தலைப்பாகம் மட்டும். அதை ஒரு கட்டடத்துல இருந்து இன்னொரு கட்டடத்துக்குக் கொண்டு போக சைக்கிள் போதும். நானா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன். இதுல பரிதாபப்படவும் ஒண்ணுமில்லை, புல்லரிக்கவும் ஒண்ணுமில்லை.

கார்த்தியே-பிரெஸ்ஸோன் அங்கே எடுத்த இன்னொரு படம் எனக்கு இதைவிடப் பிடிக்கும். கலாமும் ஆர். அரவமுதனும் ஒரு பேலோடு மேல குனிஞ்சு வேலை பார்த்துக்கிட்டு இருப்பாங்க. ரெண்டு பேருமே குரோம்பேட்டை எம்.ஐ.டி. ஆட்கள். கேமரா பக்கம் யாரும் திரும்பலை. வேலை நடக்கிற இடத்துக்கு உண்டான முகம். புரொடக்‌ஷன்ல பிரச்சினை வந்த ராத்திரி எங்க டீம்ல எல்லாருக்கும் இருக்குமே, அதே முகம். அரவமுதன் 2021 ஆகஸ்ட்ல காலமானார். முதல் ஏவுதல்ல ரேடார், டெலிமெட்ரி எல்லாம் அவர் பொறுப்பு. நம்மள்ல எத்தனை பேருக்கு அவர் பேர் தெரியும்?

1963க்கே திரும்பப் போவோம், ஏன்னா அங்கே படம் சம்பந்தப்பட்ட ஒரு பெரிய விஷயம் இருக்கு. அந்த முதல் ராக்கெட் என்ன கொண்டு போச்சு தெரியுமா? சோடியம். பேலோடு பிரான்ஸ் கொடுத்தது. சாயங்காலம் 6.25க்கு ஏவினாங்க. அந்த நேரம் சும்மா ஜோசியம் பார்த்து வச்சதில்லை. தரையில இருட்டிக்கிட்டு வரணும், ஆனா நூறு, இருநூறு கிலோமீட்டர் உயரத்துல இன்னும் வெயில் அடிக்கணும். அந்த இடைப்பட்ட கொஞ்ச நேரத்துல ராக்கெட் சோடியம் ஆவியைக் கக்கிக்கிட்டே மேல போகும். மேல இருக்கிற வெயில் பட்டு அந்த ஆவி ஆரஞ்சு மஞ்சளா ஜொலிக்கும். நம்ம தெருவுல முன்னாடி இருந்த சோடியம் விளக்கு நிறம்தான்.

அந்தக் கோடு நேரா நிக்காது. மேல அடிக்கிற காத்து அதை அங்கிட்டும் இங்கிட்டும் வளைச்சு இழுக்கும். வேற வேற ஊர்ல கேமரா வச்சு ஒரே நேரத்துல அடுத்தடுத்து படம் எடுத்தா, முக்கோணக் கணக்கு போட்டு எந்த உயரத்துல காத்து எந்தப் பக்கம் எவ்வளவு வேகத்துல அடிக்குதுன்னு கண்டுபிடிச்சிரலாம். பலூன் போக முடியாத உயரம் அது, சாட்டிலைட் வந்தா கீழே விழுந்துரும். அந்த இடத்தைத் தெரிஞ்சுக்க அன்னைக்கு நல்ல வழி ராக்கெட்டும் கேமராவும்தான்.

ஆக, இந்தியாவோட முதல் விண்வெளிச் சோதனையே ஒரு போட்டோ எடுக்கிற வேலை! அகமதாபாத் பி.ஆர்.எல்.லைச் சேர்ந்த பி.டி. பவ்சார் இந்தச் சோதனையைப் பார்த்துக்கிட்ட விஞ்ஞானி. அன்னைக்குச் சாயங்காலம் வானத்துல ஆரஞ்சுக் கோடு தெரிஞ்சதும் கேரள சட்டசபையைக் கொஞ்ச நேரம் ஒத்தி வச்சுட்டு உறுப்பினர்கள் வெளிய வந்து பார்த்தாங்கன்னு சொல்வாங்க. இந்தியாவின் விண்வெளி வரலாற்றுல முதல் படம்னு ஒண்ணைச் சொல்லணும்னா நான் அந்த ஆரஞ்சுக் கோட்டைத்தான் சொல்வேன். சைக்கிளை இல்லை.

ஏன் தும்பான்னு கேக்கலாம். பூமியோட காந்த நடுக்கோடு அந்தப் பக்கமா போகுது. அதுக்கு மேல சுமார் நூறு கிலோமீட்டர் உயரத்துல ஒரு மின்னோட்டம் ஓடுது. உலகத்துல அதை ஆராய வசதியான இடம் குறைவு. அதனால ராக்கெட் அமெரிக்கா, பேலோடு பிரான்ஸ், ஹெலிகாப்டரும் கம்ப்யூட்டரும் ரஷ்யான்னு, பனிப்போர் நடுவுல எல்லாரும் ஒரு மீனவ கிராமத்துக்கு வந்து நின்னாங்க.

இன்னொரு 1966 படம் இருக்கு. சைக்கிள் படம் மாதிரி நம்ம ஊர்ல பிரபலம் ஆகலை. ஜெமினி-11 விண்கலத்துல இருந்து செப்டம்பர் 14ஆம் தேதி எடுத்தது. உள்ளே இருந்தவங்க சார்லஸ் கான்ராட், ரிச்சர்ட் கார்டன். அந்தப் பயணத்துல அவங்க போன உச்ச உயரம் சுமார் 1,370 கிலோமீட்டர். படத்துல இடது பக்கம் அரபிக் கடல், வலது பக்கம் வங்காள விரிகுடா, நடுவுல முக்கோணமா நம்ம நிலம், கீழே வலது ஓரமா இலங்கை. நாம ஸ்கூல்ல மேப் டிராயிங்னு வரைவோமே, அதேதான், மேகத்தோட. மேப்புக்காரங்க இத்தனை வருஷமா ஏமாத்தலைன்னு ஒரு நிம்மதி :-)

யோசிச்சுப் பாருங்க. அந்த ஒரே ஃபிரேமுக்குள்ள தும்பா இருக்கு, ராமேஸ்வரம் இருக்கு, மதுரை இருக்கு. நம்ம அப்பா தாத்தா எல்லாரும் அதுக்குள்ளதான் எங்கேயோ டீ குடிச்சுக்கிட்டு இருந்திருப்பாங்க. மேல ரெண்டு பேர் கேமராவோட போறாங்க, கீழே ரெண்டு பேர் மூக்குக் கூம்போட போறாங்க. ரெண்டுமே அதே 1966.

பாம்பனுக்கும் தலைமன்னாருக்கும் நடுவுல இருக்கிற மணல் திட்டுகளை வச்சு 2002லயும், பிறகு சேதுசமுத்திரம் பிரச்சினை சூடா இருந்த 2007லயும் என்ன நடந்ததுன்னு பழைய பதிவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 'நாசா எடுத்த படம், 17 லட்சம் வருஷப் பழசு'ன்னு ஒரு வரி பரவிச்சு. நாசா தரப்புல சொன்னது சிம்பிள்: மேல இருந்து எடுத்த படத்தை மட்டும் வச்சு அந்தத் திட்டோட வயசையோ அது எப்படி உருவாச்சுங்கறதையோ சொல்ல முடியாது. பாலத்தை யார் கட்டினாங்கன்ற சண்டைக்குள்ள நான் போகலை. படம் என்ன சொல்லும், என்ன சொல்லாதுன்றதுதான் என் மேட்டர். படம் இடத்தைச் சொல்லும். வயசை ஒட்டினது வேற யாரோ.

இப்ப மாட்டுவண்டிக்கு வருவோம். எனக்கு உண்மையிலேயே கோவம் வர்ற படம் இது.

எங்க ஆபீஸ்ல ஒரு பெரிய மீட்டிங். ஸ்கிரீன்ல ஒரு ஸ்லைடு: மாட்டுவண்டி மேல ஒரு சாட்டிலைட், சுத்தி ஆட்கள். அடுத்த ஸ்லைடு மங்கள்யான். 'வசதி இல்லைன்னா என்ன, மனசு இருந்தா போதும்'ன்ற மாதிரி ஒரு பேச்சு. எல்லாரும் கை தட்டினோம். (அடுத்த மாசம் எங்க டீம்ல டெஸ்டிங் மெஷின் ரெண்டைக் குறைச்சாங்க. மனசு இருந்தா போதுமே!)

அந்த சாட்டிலைட் பேரு ஆப்பிள். 1981 ஜூன் 19 அன்னைக்கு தென் அமெரிக்காவுல கூரூ தளத்துல இருந்து ஐரோப்பாவோட ஏரியான் ராக்கெட்ல போச்சு. ஏவும்போது எடை 670 கிலோ. இந்தியா கட்டின முதல் புவிநிலைத் தகவல் தொடர்பு சாட்டிலைட். திட்ட இயக்குநர் ஆர்.எம். வாசகம், நம்ம தமிழர், பின்னாளில் அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தரா இருந்தவர். பெங்களூர் பீன்யா தொழிற்பேட்டை ஷெட்ல வச்சு சுமார் ரெண்டு வருஷத்துல கட்டினாங்க.

அதை ஏன் மாட்டுவண்டியில ஏத்தினாங்க? லாரிக்குக் காசு இல்லாமலா? சாட்டிலைட் கட்ட காசு இருக்கு, லாரி வாடகைக்கு இல்லையா? இதை யாருமே கேக்குறதில்லை.

விஷயம் ஆன்டெனா. தரையில இருந்து போற கட்டளையை சாட்டிலைட் வாங்கணும், அது தன்னோட நிலைமையைத் திருப்பிச் சொல்லணும். அந்த ஆன்டெனா ஒழுங்கா வேலை செய்யுதான்னு திறந்த வெளியில வச்சு சோதிக்கணும். விண்வெளியில சாட்டிலைட்டைச் சுத்தி ஒண்ணும் இருக்காது. ஆனா இங்கே லாரி மேல வச்சு சோதிச்சா, லாரியோட இரும்புச் சட்டமும் தகடும் ரேடியோ அலையைப் பிடிச்சுத் திருப்பி அடிக்கும். நீங்க அளக்கிறது ஆன்டெனாவையா லாரியையான்னே தெரியாது. பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவை இரும்பு பீரோ பக்கத்துல வச்சுப் பார்த்தவங்களுக்கு இது புரியும். அப்ப என்ன வேணும்? உலோகம் இல்லாத, ஆனா சாட்டிலைட்டைத் தாங்குற, வேணுங்கிற இடத்துக்கு நகர்த்தக்கூடிய ஒரு மேடை. பெங்களூர்ல 1981ல அப்படி ஒண்ணு உடனே கிடைக்கணும்னா அதுக்குப் பேரு மாட்டுவண்டி. மரம்!

இது வறுமை இல்லீங்க. சுத்தமான இன்ஜினியரிங். காலேஜ்ல ஆன்டெனா பேப்பர் எழுதினவன்ற முறையில சொல்றேன், அந்த ஐடியா வந்தவருக்கு ஒரு சல்யூட். ஆனா கீழே இருக்கிற வரி என்ன பண்ணுது? ஒரு மனுஷன் யோசிச்சுக் கண்டுபிடிச்ச விடையை எடுத்து, அவனோட இல்லாமை மேல எழுதி வச்சுருது. அவன் யோசிச்சான்றதே அழிஞ்சு போச்சு.

ஆப்பிள் மேல போன பிறகும் சும்மா இல்லை. ரெண்டு சோலார் தகடுல ஒண்ணு விரியவே இல்லை. பாதி கரண்ட்டு, ஒரு பக்கம் சூடு ஏறுது. அதை வச்சுக்கிட்டே ரெண்டு வருஷத்துக்கு மேல, 1983 செப்டம்பர் வரைக்கும் ஓட்டினாங்க. அதைக் கடைசி இடத்துக்குத் தள்ளின மோட்டார், கலாம் டீம் செஞ்ச எஸ்.எல்.வி-3 ராக்கெட்டோட நாலாவது அடுக்குல இருந்து வந்தது. இதுக்கெல்லாம் ஸ்லைடு கிடையாது.

மாடு நம்மள விடறதாவும் இல்லை. 2014 செப்டம்பர் 24ல மங்கள்யான் செவ்வாயைச் சுத்த ஆரம்பிச்சது. கொஞ்ச நாள்ல நியூயார்க் டைம்ஸ்ல ஒரு கார்ட்டூன்: ஒரு விவசாயி மாட்டைப் பிடிச்சுக்கிட்டு, பெரிய மனுஷங்க உட்கார்ந்திருக்கிற விண்வெளி கிளப் கதவைத் தட்டுறார். எதிர்ப்பு கிளம்பி, பத்திரிகை மன்னிப்புக் கேட்டது. நாமளும் கோவப்பட்டோம், சரிதான். ஆனா வருஷா வருஷம் நாம பரப்புற மாட்டுவண்டி வரியும் அந்தக் கார்ட்டூனும் சொல்றது கிட்டத்தட்ட ஒண்ணுதானே?

ராக்கெட் படங்கள்ல நம்ம பக்கத்துக்கு இன்னும் பழைய சொந்தம் ஒண்ணு உண்டு. கலாம் பயிற்சிக்காக அமெரிக்கா போனப்ப வர்ஜீனியா கடற்கரையில நாசாவோட வாலப்ஸ் தளத்துக்குப் போறார். வரவேற்பறையில ஒரு ஓவியம். பின்னாடி ராக்கெட் பறக்குது, ஏவுறவங்க கருத்த நிறம். கிட்டப் போய்ப் பார்த்தா திப்பு சுல்தான் படை வெள்ளைக்காரனோட சண்டை போடுது. நம்ம ஊர்ல மறந்துபோன ஒண்ணை நாசா சுவத்துல மாட்டி வச்சிருக்கேன்னு அவருக்கு சந்தோஷம்.

திப்பு ராக்கெட்டுன்னா உடனே மைசூர், ஸ்ரீரங்கப்பட்டணம்னு நினைப்போம். ஆனா அந்த ராக்கெட்டுங்க பேர் வாங்கின சண்டைகள்ல முக்கியமானது நடந்தது காஞ்சிபுரம் பக்கத்துல, புள்ளலூர்ல. 1780 செப்டம்பர் 10. ஹைதர் அலியும் திப்புவும் ஒரு பக்கம், கர்னல் பெய்லியோட கம்பெனிப் படை இன்னொரு பக்கம். கம்பெனியோட வெடிமருந்து வண்டிகள் தீப்பிடிச்சு வெடிச்சதுல சண்டை திரும்பிருச்சு. ராக்கெட் பட்டுத்தான் வெடிச்சதுன்றாங்க. இன்னொரு பெரும்படையோட காஞ்சிபுரத்துல நின்ன ஹெக்டர் மன்றோ, தன்னோட கனத்த பீரங்கிகளைக் கோயில் குளத்துல தள்ளிட்டு மெட்ராஸுக்கு நடையைக் கட்டினார். இந்தச் சண்டையை திப்பு ஸ்ரீரங்கப்பட்டணம் தரியா தௌலத் மாளிகை சுவத்துல பெருசா வரைஞ்சு வச்சார். வெடிக்கிற வண்டியும் பல்லக்குல இருக்கிற பெய்லியும் அதுல உண்டு. பெங்களூர்ல வேலை பார்க்கிற நம்ம ஆளுங்க மைசூர் டூர்ல கண்டிப்பா அங்கே செல்ஃபி எடுத்திருப்பீங்க. அது நம்ம காஞ்சிபுரத்து வயக்காடுன்னு தெரிஞ்சு எடுத்தீங்களா?

அந்த ராக்கெட்டோட விசேஷம் இரும்புக் குழாய். மத்தவங்க அட்டைக் குழாய்ல மருந்து கிட்டிச்சப்ப, மைசூர்க்காரங்க இரும்புல கிட்டிச்சாங்க. உள்ளே அழுத்தம் கூடும், தூரம் கூடும். 1799ல திப்பு இறந்த பிறகு மிச்சம் இருந்ததை இங்கிலாந்துக்குக் கொண்டு போய், வில்லியம் காங்கிரீவ் அதைப் பார்த்துத் தன்னோட ராக்கெட்டைச் செஞ்சார். 1814ல பால்டிமோர் கோட்டை மேல பிரிட்டிஷ்காரங்க விட்டது அந்தக் காங்கிரீவ் ராக்கெட்டுதான். அமெரிக்க தேசிய கீதத்துல ராக்கெட் வெளிச்சம் வர்றது அதனாலதான். அந்தப் பக்கத்துக்காரங்க திப்பு படத்தை மாட்டி வச்சதுல ஆச்சரியம் இல்லை.

கேமரா வந்த பிறகு வரலாறு வேற மாதிரி ஆயிருச்சு. படம் இருந்தா 'முதல்', இல்லைன்னா இல்லை. ரைட் சகோதரர்கள் 1903 டிசம்பர் 17 படம் எல்லார் பாடப்புத்தகத்துலயும் இருக்கு. ஆர்வில் படுத்துக்கிட்டுப் பறக்கிறார், வில்பர் பக்கத்துல ஓடி வந்து நிக்கிறார். அப்ப படம் எடுத்தது யாரு? கடலோர மீட்பு நிலையத்துல வேலை பார்த்த ஜான் டேனியல்ஸ். அதுக்கு முன்னாடி கேமராவையே பார்த்ததில்லையாம். ஆர்வில் ஸ்டாண்டுல கேமராவை வச்சு, விமானம் கிளம்பினதும் இந்த ரப்பர் குமிழை அமுக்குன்னு சொல்லிட்டுப் போனார். டேனியல்ஸ் அமுக்கினார். பன்னிரண்டு விநாடிப் பயணத்துல ஒரே ஒரு படம். சரியான நேரத்துல அமுக்கலைன்னா 'முதல்'க்கு வேற யாராவது சண்டைக்கு வந்திருப்பாங்க.

நம்ம மெட்ராஸ் கதை அப்படித்தான் ஆச்சு. 1910 மார்ச்ல மவுண்ட் ரோடு ஹோட்டல் முதலாளி டி ஏஞ்செலிஸ், கார்சிகா தீவுக்காரர், சிம்ப்சன் கம்பெனியில செஞ்ச விமானத்துல பறந்தார். அதுக்கு அடுத்த வருஷம், 1911 பிப்ரவரி 18ல அலகாபாத்துல ஆன்றி பெக்கே ஆறாயிரத்துச் சொச்சம் கடிதங்களோட நைனிக்குப் பறந்தார். அதுக்குப் படம், தபால் முத்திரை, 1961ல பொன்விழா தபால்தலைன்னு எல்லாம் உண்டு. குவிஸ்ல கேக்கறது அலகாபாத். பாவம் டி ஏஞ்செலிஸ், நல்ல ஹோட்டல் நடத்தினவர்னு மட்டும் மெட்ராஸ் வரலாறு எழுதறவங்களுக்குத் தெரியும்.

எங்க மதுரைக்கு விமானம் வந்ததே சண்டையாலதான். 1942ல இரண்டாம் உலகப் போருக்காக பிரிட்டிஷ் விமானப்படை பயன்படுத்தின ஓடுதளம்தான் இன்னைக்குப் பெருங்குடிப் பக்கம் இருக்கிற ஏர்போர்ட்டுக்கு ஆரம்பம். எங்களுக்கு அதைவிட ஒசத்தியா வானத்தைப் பார்க்கிற இடம் ஒண்ணு மலை மேல இருக்கு. கொடைக்கானல்.

கொடைக்குப் போறவங்க ஏரி, பைன் காடு, ஹோம்மேடு சாக்லேட்டுன்னு திரும்பி வந்துருவாங்க. 1899ல தொடங்கின சூரிய ஆய்வகத்துல 1904ல இருந்து சூரியனைப் படம் எடுத்து வச்சிருக்காங்க. கண்ணாடித் தட்டுல. வானம் தெளிவா இருக்கிற நாள்ல எல்லாம். வெள்ளைக்காரன் போனான், ரெண்டு உலகப் போர் வந்துச்சு, சுதந்திரம் வந்துச்சு, காலையில மலை ஏறிப் போய் சூரியனைப் பிடிக்கிற வேலை மட்டும் நிக்கலை. 1909ல ஜான் எவர்ஷெட் சூரியக் கரும்புள்ளியோட ஓரத்துல வாயு வெளிப்பக்கமா பாயறதை அங்கேதான் கண்டுபிடிச்சார். உலகம் பூராம் அதுக்கு எவர்ஷெட் விளைவுன்னு பேரு. அந்தப் பழைய தட்டுகளை எல்லாம் இந்திய வானியற்பியல் மையம் டிஜிட்டல் ஆக்கி வச்சிருக்கு. நூறு வருஷ சூரியனை வரிசையா பார்க்கணும்னா உலகத்துல மிகச் சில இடத்துலதான் முடியும், அதுல ஒண்ணு பெரியகுளத்துக்கு மேல.

ஒரு டேட்டா ஆளா எனக்கு அந்தத் தட்டுகள்ல பிடிச்சது என்னன்னா, ஒவ்வொண்ணுக்கும் தேதியும் நேரமும் உண்டு. தேதி இல்லாத சூரியன் படம் வெறும் வெள்ளை வட்டம். தேதியோட இருந்தா அறிவியல். இதே மையம் செஞ்ச கருவிதான் ஆதித்யா-எல்1ல முக்கியக் கருவி. 2023 செப்டம்பர் 2ல கிளம்பி, 2024 ஜனவரி 6ல பூமியில இருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிலைகொண்டது. திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி, செங்கோட்டைக்காரர். திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில அவர் படிச்சப்ப பட்டம் கொடுத்தது எங்க மதுரை காமராசர் பல்கலைக்கழகம். (கொஞ்சம் காலரைத் தூக்கி விட்டுக்கறேன், கண்டுக்காதீங்க.)

சரி, தேதி இல்லாத படத்துக்கு வருவோம். தீபாவளி அன்னைக்கு ராத்திரி வருமே, 'நாசா எடுத்த தீபாவளி இந்தியா'ன்னு கலர் கலரா ஒரு படம். நம்ம பெரியப்பா அனுப்பாம விடமாட்டார். அது ஒரு ராத்திரி எடுத்த படமே இல்லை. அமெரிக்க வானிலை சாட்டிலைட்டுங்க பல வருஷமா எடுத்த இரவு விளக்குப் படங்களை ஒண்ணு மேல ஒண்ணு வச்சது. வெள்ளை 1992க்கு முன்னாடியே இருந்த விளக்குகள், நீலம் 1992ல வந்தது, பச்சை 1998, சிவப்பு 2003. பட்டாசு இல்லீங்க, கரண்ட்டு! எந்த ஊருக்கு எப்ப வெளிச்சம் வந்துச்சு, எந்த நகரம் எந்தப் பக்கம் வீங்குச்சுன்னு சொல்ற படம். நிஜக் கதை பட்டாசை விட எவ்வளவோ சுவாரசியம். 2012 தீபாவளிக்கு நாசாவே அந்த ராத்திரி எடுத்த நிஜப் படத்தை வெளியிட்டது. மத்த நாள் மாதிரியேதான் இருந்துச்சு. பட்டாசு வெளிச்சம் அங்கிருந்து பிரிச்சுத் தெரியாது.

திருநள்ளாறுக்கு மேல சாட்டிலைட் மூணு விநாடி நின்னு போகுதுன்னு ஒண்ணு சுத்துது. தாழ்வான சுற்றுப்பாதையில சாட்டிலைட் விநாடிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகத்துல போகுது. அந்த வேகம்தான் அதைக் கீழே விழாம வச்சிருக்கு. மூணு விநாடி நின்னா அப்புறம் போகாது, இறங்கும். சாமி கும்பிடறவங்க தாராளமா கும்பிடுங்க, சனி பகவானுக்கு நாசா சர்டிபிகேட் எதுக்கு?

நிலா படம் ரெண்டு பார்த்துட்டு முடிச்சுக்கறேன். முதல்ல 2008 நவம்பர் 14. சந்திரயான்-1ல இருந்து ஒரு சின்னப் பெட்டி பிரிஞ்சு நிலாவுல போய் மோதுச்சு. பக்கவாட்டுல மூவர்ணக் கொடி. மோதுற கலம் ஒண்ணு இருக்கணும்னு யோசனை சொன்னது கலாம். திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை, பொள்ளாச்சி பக்கம் கோதவாடி. சுமார் 25 நிமிஷம் விழுந்துக்கிட்டே படம் எடுத்து மேல இருக்கிற கலத்துக்கு அனுப்பிக்கிட்டே இருந்துச்சு. பள்ளங்கள் பெருசாகிட்டே வரும், அப்புறம் ஒண்ணும் இல்லை. கேமரா உடைஞ்சு போச்சு, படம் தப்பிச்சிருச்சு.

அடுத்தது 2023 ஆகஸ்ட் 30 காலை. ஒரு வாரம் முன்னாடி, 23ஆம் தேதி இறங்கின விக்ரம் லேண்டரை, அதுக்குள்ள இருந்து இறங்கி வந்த பிரக்யான் வண்டி திரும்பி நின்னு படம் எடுத்துச்சு. நாலு காலும் மண்ணுல ஊனி விக்ரம் நிக்குது. இஸ்ரோ அந்தப் படத்தை வெளியிட்டப்ப எந்தத் தேதி, எந்தக் கேமரான்னு சேர்த்தே சொன்னாங்க. பிரக்யானோட வழிகாட்டும் கேமரா. திட்ட இயக்குநர் ப. வீரமுத்துவேல், விழுப்புரத்துக்காரர்.

அந்தப் படத்துல எனக்குக் கண்ணு போறது விக்ரம் மேல இல்லை, அது நிக்கிற மண்ணு மேல. நிலா மேட்டுநிலத்துல இருக்கிறது அனார்த்தசைட்டுன்னு ஒரு பாறை வகை. அதே வகை நம்ம நாமக்கல் மாவட்டத்துல சித்தம்பூண்டி, குன்னமலைப் பக்கம் கிடைக்குது. சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியல் துறை உதவியோட அதை வெட்டி எடுத்து, நிலா மண் பதத்துக்குப் பொடிச்சு, டன் கணக்குல பெங்களூருக்கு அனுப்பினாங்க. லேண்டர் கால் எப்படிப் பதியும், சக்கரம் எப்படி உருளும்னு அதுலதான் பழக்கினாங்க.

சித்தம்பூண்டிக்கு மதுரையில இருந்து காலையில வெரசா கிளம்பினா மதியத்துக்குள்ள போயிரலாம். அடுத்த லீவுக்கு வண்டியை எடுக்கலாம்னு இருக்கேன். போனா படம் போடறேன், தேதியோட.